கொரிய நாட்டில் யாம் கற்பித்ததும் கற்றதும்

நம் கல்லூரியை விட்டுப் பிரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. ஆயினும் எம்மை மறவாது, "அயல்நாட்டில் ஆசிரியராயிருந்து குடும்பம் நடத்திய வரலாற்றை நம் மலருக்கு எழுதுக" என்று இம்மலரின் ஆசிரியர் பணித்தார். எழுத்து வன்மை எம்பால் மிகுதியும் இல்லை. எனினும், படித்த இடத்தின் கட்டளையை மறுத்தல் முறையன்று ஆதலின், கண்டதைக் கண்டவாறே கூறத் துணிந்தோம். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில், யாமும் எம் இல்லாளும் மூன்று வயது நிரம்பாத எம் மகளும், தென்கொரியாவின் நடுப்பகுதியிலுள்ள தேஜோன் நகரை அடைந்தோம். அந்நாட்டிற் கல்வியாண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கும். அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கில வாயிலாகக் கணிதம் கற்பிப்பது எம் பணி. வெளியே நீர் உறையும் குளிர். வீட்டினுள்ளோ, தரைக்கு அடியிற் குழாய்களில் வெந்நீர் ஓடித் தரை முழுதும் இளஞ்சூடாக இருந்தது. இதனை ஒண்டொல் என்பர். முதல் நாள் இரவு அத்தரையில் வெறுங்காலுடன் அமர்ந்து சோறுண்டபொழுது, இவரும் நம்மைப் போலத் தரையில் அமர்ந்துண்ணும் பழக்கமுடையாரே என்று எமக்கு ஓர் ஆறுதல் பிறந்தது.

வகுப்பறையில் அவ்வாறுதல் நெடுநேரம் நில்லவில்லை. ஒரு மணி நேரம் பேசி முடித்து, "ஐயமுண்டோ?" என்று வினவினால், நாற்பது தலைகளும் தாழ்ந்துவிடும். பாடம் விளங்கவில்லை போலும் என்று எண்ணி மறுபடியும் தொடங்குவோம். மீண்டும் அதே அமைதி. பிறகே அறிந்தோம்: பலர் முன்னிலையில் வினவுதல் ஆசிரியருக்குக் குறை கற்பிப்பதாகும் என்ற நாணமும், பிழையான ஆங்கிலம் பேசிவிடுவோமோ என்ற அச்சமும் அவர்களைத் தடுத்தன. வகுப்பு முடிந்த பின், இருவர் மூவராக எம் அறை வாயிலில் வந்து நின்று, இரு கைகளாலும் குறிப்பேட்டை நீட்டுவர். அவ்வையங்களோ கூரியவை. அன்று முதல் கடைசிப் பத்து நிமிடங்களை வாயில் நிற்போருக்கென்றே ஒதுக்கினோம்.

ஆடவ மாணாக்கர் பலர் முதலாண்டோ இரண்டாமாண்டோ முடிந்தவுடன் கட்டாயப் படைப்பணிக்குச் சென்றுவிடுவர். தரைப்படையில் அக்காலம் முன்னர் 21 மாதங்களாயிருந்தது. 2018-ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் படிப்படியாக 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. போகும்போது சிறுவராய்ப் போனவர், திரும்பும்போது பொறுப்புடைய ஆண்மக்களாய் முன்வரிசையில் வந்தமர்வர்.

அத்தகையார் ஒருவரால் எம் மனம் நொந்த நாள் ஒன்றுண்டு. அங்கே பல வகுப்புகளில் மதிப்பெண் ஒப்புநோக்கி அளிக்கப்படும். இத்தனை பங்கினர்க்கே முதல் தரம் என்று வரையறையுண்டு. யாம் தகுதியுடையார் அனைவர்க்கும் முதல் தரம் எழுதி அனுப்ப முயன்றோம். கணிப்பொறி ஏற்க மறுத்தது. மூவரைக் கீழிறக்க வேண்டியதாயிற்று. அம்மூவருள் ஒருவர் எம் அறைக்கு வந்து, "ஐயா, இத்தரத்தால் உதவிச் சம்பளத்தை இழந்தேன்" என்று மட்டும் சொல்லித் தலைவணங்கி நின்றார். விதியைக் காட்டி விடையளித்தோம். விதி உண்மையே, ஆனால் அவரைக் கீழிறக்கிய கை எம் கையன்றோ? அடுத்த பருவத்திலிருந்து, வரையறை இன்னதென்பதை முதல் வகுப்பிலேயே வெளிப்படக் கூறிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். அதற்கு மேற் செய்ய எமக்கு வழியில்லை.

நிற்க. அந்நாட்டார் ஆசிரியர்க்குக் காட்டும் மதிப்பு பெரிது. மே திங்கள் 15-ஆம் நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுவர். அது ஹங்குல் எழுத்தை 1443-இல் அமைத்து 1446-இல் வெளியிட்ட சேஜோங் மன்னர் பிறந்த நாள். எம் முதல் ஆண்டுகளில் மாணாக்கர் மலரும் இனிப்பும் கொணர்ந்தனர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-இல் கையூட்டுத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அவ்வழக்கம் நின்றது. மாணாக்கர் சார்பில் ஒருவர் யாவரும் காண ஒரு மலர் அளிக்கலாம், அவ்வளவே. இதன் பொருளை யாம் தந்தையாக நின்றே உணர்ந்தோம். 2017-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு எம் இல்லாள் முறுக்குச் சுட்டு, ஒரு டப்பாவில் இட்டு மகளின் ஆசிரியைக்கு அனுப்பினார். மாலையில் டப்பா திரும்பி வந்தது, திறக்கப்படவில்லை. உடன் ஒரு சிறு கடிதம்: அன்பிற்கு நன்றி, ஆனால் சட்டம் இடந்தரவில்லை என்று. எம் இல்லாள் அன்றிரவு உண்ணவில்லை. சில நாள் கழித்து யாம் இருவரும் ஆய்ந்து பார்த்தோம். வறியவன் பிள்ளையும் செல்வன் பிள்ளையும் ஓர் ஆசிரியை முன் ஒன்றாய் அமர வேண்டுமாயின், ஒரு முறுக்கும் இடையே வாராதிருத்தலே நன்று என்று தெளிந்தோம்.

இனி, இல்வாழ்க்கையைப் பற்றிச் சொல்வோம். எம் இல்லாளும் ஆசிரியப் பயிற்சி பெற்றவரே. ஆனால், வேலைக்கு வந்தாரின் துணைவராய் அந்நாட்டுட் புகுந்தோர் தனி இசைவின்றி ஊதியப் பணி செய்தல் இயலாது. எம் ஒருவர் சம்பாத்தியத்திற்காக அவர் தம் தொழிலைத் துறந்திருந்தார் என்பதை இம்மலரில் எழுதிவைப்பது எம் கடமை. எனினும் அவர் வாளா இருக்கவில்லை. காய்கறிக் கடையிலும் பூங்காவிலும் கேட்டுக் கேட்டுக் கொரிய மொழியை எம்மினும் நன்கு கற்றார். பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புக்களை அவரே படித்து எமக்குப் பொருள் கூறுவார்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் கடைசி வாரத்தில் எமக்கு ஒரு மகன் பிறந்தான். அடுத்த வீட்டு மூதாட்டியார், கடற்பாசியாற் செய்த சாற்றை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொணர்ந்தார். பிள்ளை பெற்றவளுக்கு அதுவே அங்குப் பத்தியம். எம் இல்லாள் இறைச்சி உண்ணார் என்றறிந்து, இறைச்சியிடாது தனியே காய்ச்சியிருந்தார். சில நாளிற் புத்தாண்டு பிறந்தது. "உங்கள் மகனுக்கு இரண்டு வயதாயிற்று" என்று வாழ்த்தினர்! பிறந்தவுடன் ஒன்று, புத்தாண்டுதோறும் ஒன்று என எண்ணுவது அவர்தம் பழைய கணக்கு. ஊரிலிருந்த எம் அன்னையார் தொலைபேசியில் இதைக் கேட்டு நெடுநேரம் நகைத்தார். 2023-ஆம் ஆண்டு ஜூன் 28 முதல் சட்டத்திற்குரிய கணக்கு உலக வழக்கிற்கு மாற்றப்பட்டது.

மகிழ்ச்சியோடு கலந்து வந்த கசப்பும் உண்டு. 2013 முதல் அந்நாட்டுக் குடிகளின் குழந்தைகள் அனைவர்க்கும் குழந்தைக் காப்பகச் செலவை அரசு ஏற்றது. அயலார் மக்களுக்கு அன்று அவ்வுதவி இல்லை. 2008-இல் இயற்றப்பட்ட பல்பண்பாட்டுக் குடும்பச் சட்டமும், பெற்றோருள் ஒருவரேனும் கொரியராயிருக்கும் குடும்பங்களுக்கே உரியது. 2016-ஆம் ஆண்டு இறுதியில், எம் மாடிக்கட்டடத்திலிருந்த ஆறு வயதுக் குழந்தைகளுக்கெல்லாம் பள்ளியிற் சேருமாறு அரசின் ஓலை வந்தது. எம் மகள் நாள்தோறும் தபாற்பெட்டியைத் திறந்து பார்த்தாள். கட்டாயக் கல்வி குடிகளுக்கு மட்டுமே ஆதலின், அவளுக்கு ஓலை வாராது. யாமே பள்ளித் தலைமையாசிரியரை அணுகி விண்ணப்பிக்க வேண்டும். இதை ஆறு வயதுக் குழந்தைக்கு எவ்வாறு உரைப்பது? யாம் ஒரு பொய் சொன்னோம்: "உனக்குரிய ஓலையை நேரில் வந்து பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள்" என்றோம். தலைமையாசிரியரிடம் இதனைக் கூறியபொழுது, அவர் சிறிதும் நகையாது, ஒரு தாளில் அவள் பெயரை ஹங்குல் எழுத்தில் அழகாக எழுதி, இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார். சட்டம் தராததை ஒரு மனிதர் தந்தார். அத்தாள் இன்றும் எம் வீட்டில் இருக்கிறது.

பள்ளி அவளுக்கு இனித்தது. வாயிலில் வெளிச்செருப்பைக் கழற்றி உட்செருப்பை அணிவதும், தோழியருடன் ஒன்றாய் அமர்ந்து பள்ளியளிக்கும் உணவை உண்பதும் அவளுக்குப் பெருமை. ஆனால் பள்ளி விட்ட பின் விளையாட்டிடம் வெறுமையாய்க் கிடக்கும். பிள்ளைகளெல்லாம் ஹாக்வொன் எனப்படும் தனிப்பயிற்சிக் கூடங்களுக்குச் சென்றுவிடுவர். 2023-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி பள்ளி மாணாக்கருள் 78.5 விழுக்காட்டினர் தனிப்பயிற்சி பெற்றனர். கூடிக் களிக்கத் துணை வேண்டுமென்றே யாமும் எம் மகளைத் தேக்வொண்டோக் கூடத்தில் சேர்த்தோம். விளையாடுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது.

இவ்வளவிற்கும் மூலம் நவம்பர்த் திங்களில் நடைபெறும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அன்று அலுவலகங்கள் தாமதித்துத் திறக்கும்; ஆங்கிலச் செவிப்புலத் தேர்வு நிகழும் ஏறத்தாழ அரை மணி நேரம் விமானங்கள் எழும்புவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். 2017-இல் தேர்வுக்கு முதல் நாள் போஹாங் நகரில் நிலநடுக்கம் நேர்ந்தமையால், ஏறத்தாழ 5,90,000 மாணாக்கரின் தேர்வு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு நாளிலே வாழ்வு முடிவாகிறதென்ற அச்சம் அங்கே பெற்றோர் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் மக்களின் சராசரி 2023-இல் 0.72 ஆகக் குறைந்ததற்கு இவ்வச்சமும் ஒரு காரணமென்பர். எம் இரு மக்களையும் கண்ட முதியோர், யாதோ அருஞ்செயல் செய்தாரைப் போல எம்மைப் பாராட்டுவர்.

இனி, எம்மை மிகவும் வருத்திய செய்தி ஒன்றுண்டு; அது மொழி. கொரிய மொழியில் மதிப்புத் தோன்றப் பேசுங்கால் சொற்றொடரின் ஈற்றில் 'யோ' என்ற ஒலி வரும். எம் மகள் தமிழிலும் அதைச் சேர்த்து, பாட்டியிடம், "சாப்பிட்டேன்யோ" என்பாள். "இது என்னடி யோ!" என்று பாட்டி நகைப்பார். ஏழு வயதிற்குள் அத்தமிழும் நின்றது. தமிழிற் கேட்டால் கொரியத்தில் விடை வரும். ஒரு நாள் எம் அன்னையார், "பேத்தி சுகமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, அவளைக் கேட்டால் எனக்கு விளங்கவில்லையே" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. பிறர் மக்களுக்கு ஆண்டு முழுதும் கற்பித்த யாம், எம் மகளுக்கு எம் மொழியைக் கற்பிக்கவில்லை.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் தமிழ் எழுதப் பழக்கினோம். இரு மொழியிலும் தந்தைக்கு 'அப்பா' என்பதே பெயர், அதிலிருந்தே தொடங்கினோம். "கொரியத்தில் உயிருக்கு முன் ஒரு வட்டம் போட வேண்டும், தமிழில் 'அ' தானே நிற்கிறது" என்று அவளே கண்டு சொன்னாள். இத்தகைய ஒப்புமைகளால் ஈர்க்கப்பட்டார் முன்னரும் ஒருவர் உண்டு. 1886-இல் கொரிய அரசரின் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராய் வந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் என்பார், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஓர் இலக்கணம் வெளியிட்டார். அவ்வுறவை இக்கால மொழியறிஞர் ஒப்புவதில்லை. ஆனால் அயல்நாட்டாசிரியர் ஒருவர், தாம் கற்பிக்க வந்த மக்களின் மொழியைத் தாமே மாணாக்கராய்க் கற்றார் என்பதை யார் மறுப்பர்? அவர் 1949-இல் சியோல் நகரில் உயிர் நீத்தார். யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயிலும் இடத்திற்கு எம் மகளையும் அழைத்துச் சென்றோம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் எம் தந்தையார் ஊரிற் காலமானார். கொள்ளை நோயால் இந்தியாவிற்கு விமானங்கள் ஓடாதிருந்த காலம். மகனாகச் செய்ய வேண்டிய கடனை யாம் கைபேசியின் சிறு திரையிற் கண்டு நின்றோம். எம் நா எழவில்லை. அப்பொழுது பத்து வயதான எம் மகள் திரையருகே வந்து, "பாட்டி, சாப்பிட்டீங்களாயோ?" என்று கேட்டாள். இரு நாட்டிலும் நலம் வினவும் சொல் அதுவே. அன்று அந்த 'யோ'வைக் கேட்டு எவரும் நகைக்கவில்லை. "இல்லை கண்ணு" என்று பாட்டி அவளுக்கு நேரே விடையிறுத்தார்.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அன்னையாரின் முதுமை கருதி, பணியை விட்டுத் திரும்பினோம். யாம் திரும்பினோம் என்கிறோம். மக்களுக்கோ அது பிரிவு. அங்கே அயலாராயிருந்தவர், இங்கும் சில காலம் அயலாராயினர். மகன் வீட்டு வாயிலில் உட்செருப்பைத் தேடினான்.

இளைஞர்களே! உங்களிற் பலர் கடல் கடந்து செல்வீர். செல்லுமிடத்தின் மொழியை முதல் ஆண்டிலேயே கற்க. உங்கள் மொழியை மக்களுக்கு முதல் நாளிலிருந்தே கற்பிக்க. இது போகின்றார்க்குச் சொன்னது. இருக்கின்றார்க்கும் ஒன்று சொல்வோம். இன்று நம் நாட்டுப் பள்ளிகளில், வடநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளரின் மக்கள், தமிழ் விளங்காது கடைசி வரிசையிற் தலை தாழ்த்தி அமர்ந்திருக்கின்றனர். அவருள் ஒருவரேனும் உங்கள் வகுப்பிற்கு வருவாராயின், அவர் பெயரைத் தமிழில் அழகாக ஒரு தாளில் எழுதி, இரு கைகளாலும் நீட்டுங்கள். ஒன்பதரை ஆண்டுகளில் யாம் கற்ற பாடம் அதுவே.