பேத்தியோட பூந்தொட்டி

எங்க கிணத்துல தோல் ஷாப் தண்ணி ஊறி நெல்லு போச்சு. மகளாவது பிழைக்கட்டும்னு படிக்க வச்சேன். இப்போ டோக்கியோவுல, நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற நிஷிகசாய்ல குடும்பம்.

அங்க ஜூலை கடைசியில ஆரம்பிச்சு ஆகஸ்ட் முடிய பள்ளிக்கூடம் லீவு. ஆம்பூர் வெயில் காயும், அது புழுங்குமாம். பிள்ளையையும் பார்த்துக்கிட்டு வீட்டுல இருந்தே வேலை செய்யுறா.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க வளர்த்த அசகாவோ கொடியைத் தொட்டியோட வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, லீவுல பார்த்துப் பார்த்து எழுதணும். விடியல்ல பூத்து, வெயில் ஏறினா சுருங்குற பூ. நல்ல வீட்டுப்பாடம்தான்!

நேத்து இலை வாடிப்போச்சுன்னு பேத்தி போன்ல அழுதா. "உச்சி வெயில்ல ஊத்தாதே கண்ணு, காலையிலயும் சாயந்தரமும் ஊத்து"ன்னேன்.

"உங்க கிணத்துத் தண்ணி ஊத்தினா நல்லா வருமா தாத்தா?"

மகள் போனை வாங்கிக்கிட்டா.