‘விடு’ என்றால் விட வேண்டும்!

எனக்கும் நாய்க்கும் ஏழாம் பொருத்தம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது பால் வாங்கப் போய், கடி வாங்கித் திரும்பினேன். தொப்புளைச் சுற்றி வரிசையாக ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை நான். இன்றைக்கும் தெருமுனையில் ஒரு வால் தெரிந்தால் போதும், சுற்றுவழியில் ஆபீஸ் போகிற ஆசாமி. அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து நாய்க்கதை கேட்டேன் என்றால், காரணம் காயல்பட்டினம் கடற்கரைக் காற்று!

ஆபீஸ் நண்பன் வீட்டுக் கல்யாணம். நெல்லையில் திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடித்துப் போய் இறங்கினேன். மதியம் ஒரே சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து நெய்ச்சோறும் கறியும் காலி செய்தோம். அப்புறம் தம்மடை என்று ஓர் இனிப்பு. ‘எங்க ஊருக்குள்ள போலீஸ் ஸ்டேஷனே கிடையாது தம்பி’ என்று பெருமையாகச் சொன்னார் நண்பனின் மூத்த காக்கா. அவரே சாயங்காலம் கடற்கரையில் ஒரு பெரிய மீசையை அறிமுகம் செய்தார். ‘ஆறுமுகநேரி அண்ணாச்சி. நம்ம பள்ளிக்கூடத் தோஸ்த். வடக்கே ஒரு படையில இருபது வருஷம் நாய் பிடிச்சவரு.’

‘முனிசிபாலிட்டியா?’ என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

‘மோப்பம் பிடிக்குத நாய் வேற, ஆளை மறிக்குத நாய் வேற வே! நம்ம பக்கம் நாய்ப்படைன்னா ஜனங்களுக்கு மோப்பம்தான் தெரியும். நான் சொல்லுதது எதிராளி மேல பாயுத நாய்.’

அந்த நாய்க்குப் பாடம் சாக்குத் துணியில் ஆரம்பிக்கிறதாம். குட்டி கடித்து இழுக்கும், ஜெயிக்க விடுவார்கள். வளர்ந்ததும், கையில் தடிமனான உறை மாட்டிய ஒருவர் திருடன் வேஷம் கட்டி ஓடுவார். நாய் உறையைக் கவ்வும். அவர் கையை உருவிக்கொள்ள, அது உறையோடு ராஜநடை போடும். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

‘ஆபத்தே அங்கதான்!’ என்றார் அண்ணாச்சி. ‘தினம் அதே மைதானம், அதே உறைன்னா, நாய் ஆளையா பார்க்கும்? உறையைத்தான் பார்க்கும். நிஜத் திருடன் உறை மாட்டிக்கிட்டா வருவான்? வெறுங்கையோட நிப்பான். இது எதைக் கடிக்கன்னு தெரியாம முழிக்கும்.’

அதனால் உறையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பழக்குகிறார்கள். நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, உறையே இல்லாத ஆள் மீது மோதவிடுகிறார்கள். இருட்டறை, மாடிப்படி, வழுக்குகிற மொசைக் தரை, கூச்சல், வெற்றுத் தோட்டா வெடிச் சத்தம் என்று ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். ஒரே நாளில் எல்லாம் காட்டினால் மிரண்டுவிடும். மிரண்ட நாயைத் திரும்பத் தேற்றுவது பெரும்பாடு.

பேச்சு 2022 அக்டோபருக்குப் போனது. காஷ்மீர் அனந்த்நாக்கில் தீவிரவாதிகள் பதுங்கிய வீட்டுக்குள் அனுப்பப்பட்ட ராணுவ நாய் ‘ஜூம்’. இரண்டு குண்டு பாய்ந்த பிறகும் விடாமல் போராடியது. 13ஆம் தேதி ஸ்ரீநகர் ராணுவக் கால்நடை மருத்துவமனையில் இறந்துபோனது. அண்ணாச்சி சற்று நேரம் கடலையே பார்த்தார்.

‘பாயுததை ஆறு மாசத்துல சொல்லிக் குடுத்துரலாம் தம்பி. விடுததுதான் கஷ்டம். ஒரு ராத்திரி கும்பல் கலையுது. ஒருத்தன் ஓடுதான். நான் நாயை அவுத்து விட்டுட்டேன். லைட் வெளிச்சம் பட்டப்பதான் தெரியுது, சின்னப் பையன்! பயந்து ஓடுதான். கத்துனேன். என் நாய் பாதி ஓட்டத்துல, அவனுக்கு ரெண்டு முழம் இருக்கச்ச நின்னுது. அன்னைக்கு அது நிக்கலைன்னா, இன்னைக்கு நான் நிம்மதியா தூங்க முடியுமா வே?’

ஓடவிட்டுப் பாதியில் கூப்பிடுகிற அந்தப் பாடத்தை மாசக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தாராம்.

அதுவரை சுண்டல் கொறித்துக்கொண்டிருந்த காக்கா வாயைத் திறந்தார். ‘நாய் வாய் வச்ச பாத்திரத்தை ஏழு தடவை, அதுல ஒரு தடவை மண் போட்டுக் கழுவணும்னு எங்க சட்டம். ஆனா பழக்கின நாய் பிடிச்ச வேட்டை ஆகும். எது பழக்கின நாய்? ஏவினா போகணும், தடுத்தா நிக்கணும், பிடிச்சதைத் தானே தின்னுடாம எஜமானுக்காக வச்சிருக்கணும். அந்தக் காலத்துலயே சொல்லி வச்சிருக்காங்க.’

மீசையும் தாடியும் ஒன்றைப் பார்த்து ஒன்று தலையாட்டின. மார்க்கோ போலோ எழுதிவைத்த ‘காயல்’ துறைமுகம் இந்த வட்டாரம்தான். அரபு நாட்டிலிருந்து குதிரைகள் வந்து இறங்கின. பராமரிக்கத் தெரியாமல் இங்கே நிறையச் செத்தன என்று அந்த மனுஷர் குறைப்பட்டிருக்கிறார். விலை கொடுத்தால் மிருகம் கிடைத்துவிடும். பழக்கத் தெரிந்த ஆள்?

ராத்திரி தனியாக வீடு திரும்பும்போது, முடுக்குத் திருப்பத்தில் ஒரு தெருநாய். உர்ர்ர்! கால்கள் பழைய பழக்கத்தில் ஓடத் தயாராயின. ‘ஓடாதிய. அசையாம நில்லுங்க, கண்ணுக்குள்ள பார்க்காதிய’ என்று அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்தது. நின்றேன். செருப்பை மோந்து பார்த்துவிட்டு அது தன் வழியே போய்விட்டது.

மறுநாள் நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். ‘அதுவா?’ என்றான். ‘அதுக்குப் பல்லே கிடையாதுடா!’