கோலுக்கு ஒரு கலப்பை

கலப்பை என்றால் இன்று ஏர்தான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு: கலம் இட்டுவைக்கும் பை. யாழும் முழவும் பிற கருவிகளும் அதற்குள்தான் ஊர் ஊராகப் போயின. மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் கலப்பைகள் பலாக்காய்க் கொத்துகளோடு உவமிக்கப்படுகின்றன. கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில் நாங்கள் மூவரும் ஒன்றாகப் பணியாற்றிய காலத்தில், இச்சொல்லை மாணவர்க்கு விளக்க ஒரு பி.வி.சி. குழாயை வகுப்புக்கு எடுத்துச் செல்வோம். பாசனத்துக்குப் போட்டு மிஞ்சிய 90 மி.மீ. குழாய் அது. ஸ்னூக்கரும் பூலும் ஆடுகிறவர்கள் 'கியூ' என்று சொல்லும் கோலுக்கான உறை.

தமிழாசிரியர்களுக்கும் ஸ்னூக்கருக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் அல்லர்) உருவாக்கிய இவ்வாட்டத்தின் விதிகள் 1882இல் உதகை மன்றத்தில் முறைப்படுத்தப்பட்டன என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் போய்விடலாம். ஆட்டம் எங்களுக்கு அவ்வளவு அண்டை வீட்டுக்காரன்.

குழாயைச் செய்தவர் எங்கள் ஊர் மன்றத்தில் மார்க்கராக இருந்தவர். புள்ளி எண்ணுவது, மேசையைத் துலக்குவது, துணை ஆளில்லாமல் வரும் உறுப்பினரோடு ஆடுவது என எல்லாம் மார்க்கரின் வேலை. பழைய மன்றங்களில் உறுப்பினர் கோல்களுக்குக் கறுப்பு அரக்குப் பூச்சுடைய நீண்ட தகரக் குழல்கள் இருந்தன. ஏறத்தாழ 147 செ.மீ. நீளமுள்ள முழுக்கோல் அதற்குள் நிற்கும். குழலின்மேல் உரியவர் பெயர், தாங்கியில் ஒரு கொக்கி, அதற்கொரு பூட்டு. அத்தனை சாவிகளும் மார்க்கரிடம் இருந்தன. அங்கிருந்த கோல்களில் ஒன்றுகூட அவருடையதன்று. மன்றத்தின் ஆண்டுப் போட்டி உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது என்பதால் அங்கே மிக நன்றாக ஆடியவர் அதில் ஆடியதே இல்லை.

ஊரைவிட்டுப் போன உறுப்பினர் ஒருவர், நடுவில் விரிசல் கண்ட கோல் ஒன்றை அவரிடம் விட்டுச்சென்றார். கோவையில் லேத்துப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. விரிசலை நீக்கி, கோலை இரண்டாக அறுத்து, பித்தளைத் திருகிணைப்பு கடைந்து பொருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறை தேவைப்பட்டது. உறுப்பினரின் கோல் மன்றத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. இவர் தம் கோலோடு ஆட வேண்டுமானால் பேருந்தேறி நகரத்து பூல் கூடங்களுக்குத்தான் போயாக வேண்டும்.

அவர் செய்த அமைப்பு எளியது. பெரிய குழாய்க்குள் 40 மி.மீ. குழாய்கள் இரண்டு: அடிப்பாகத்துக்கு ஒன்று, நுனிப்பாகத்துக்கு ஒன்று. இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று உரசக் கூடாது. கீழ்மூடி ஒட்டியது, மேல்மூடி அழுத்தித் திறப்பது. உள்ளே பச்சைத் துணி, மேசைக்குப் புதுத்துணி போட்டபோது கழித்துப்போட்டதன் துண்டு. அதைப் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் பலமுறை அலசிய பிறகே ஒட்டினாராம். அதன் காரணம் எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது. கோல்நுனியில் தேய்க்கும் 'சாக்' உண்மையில் சுண்ணாம்பன்று; சிலிக்காவும் குருந்தக்கல் தூளும் சேர்ந்த கலவை. மேசைத்துணி அந்தத் தூளைக் குடித்துத்தான் கிழடாகிறது. அலசாமல் ஒட்டியிருந்தால் உறையே உப்புத்தாளாகிக் கோலைத் தேய்த்திருக்கும்.

2009இல் அவர் ஓய்வு பெற்றார். தோள்வலியால் கோலெடுக்க இயலாமற்போனபோது கோலையும் குழாயையும் எங்களிடம் தந்தார். நகரத்துப் பழக்கத்துக்கு ஆட்பட்டு 2011இல் அலுமினியப் பெட்டி ஒன்றும் வாங்கினோம். பூட்டு, கைப்பிடி, கோல் பதியும் பள்ளங்கள் வெட்டிய நுரை என்று பார்வைக்கு மிடுக்கானது. ஆறாம் ஆண்டில் அந்த நுரை பிசுபிசுத்து, தொட்டால் விரலோடு வரும் பொடியானது. பாலியூரித்தேன் நுரைகள் பல காற்றின் ஈரத்தாலேயே சிதைகின்றன. கோலைக் காக்க வந்தது கோலில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் குழாய்க்குத் திரும்பினோம்.

திரும்பிய பிறகே செப்பனிடும் வேலை தொடங்கியது. ஒட்டிய துணியில் பூச்சி விழுந்திருந்தது, கம்பளித்துணி அல்லவா? அதைச் சுரண்டியெடுத்து, புதுத்துணியை நீண்ட காலுறைபோல் தைத்துச் செருகினோம். இப்போது உருவி வெயிலில் காயவைக்கலாம். சாக்குக்கு வெளியே தனிப்பை வைத்தோம். மூடிக்குள் அவர் கட்டித் தொங்கவிட்டிருந்த அரிசி முடிப்பை (உப்புக் குடுவையில் அரிசி போடும் அதே வீட்டறிவு) எடுத்துவிட்டுச் சிலிக்கா மணிகளை இட்டோம். ஆரஞ்சு நிறம் பச்சையானால் மணிகள் ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். அரிசியில் வண்டு வரும், மணியில் வராது என்பதைத் தவிர, அவர் யோசனைக்கும் எங்கள் யோசனைக்கும் வேறுபாடில்லை.

பி.வி.சி. குழாய்க்கு ஒரு குணம் உண்டு: வெளி ஈரத்தை உள்ளே விடாது, உள் ஈரத்தை வெளியேயும் விடாது. ஆகவே கைவியர்வையோடு கோலை உள்ளே இடலாகாது. துடைத்து, சற்று ஆறவிட்டு வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் குழாயே இளகக்கூடும். சுவரில் சாய்த்து வைக்காமல் கிடையாக வைப்பது நல்லது. பராமரிப்பு என்று நாங்கள் செய்வது இவ்வளவே.

எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. ஒருவர், இதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, மார்க்கரின் பெயரெழுதித் துறையில் மாட்டலாம் என்றார். மதிப்பிலிருந்து எழுந்த யோசனைதான். ஆனால் சுவரில் ஒரு கொக்கி கிடைக்காத மனிதர் வழிநடைக்கென்று செய்த பொருள் இது. கலப்பையும் அரண்மனைக்குள் இருந்தவர்களுக்கு வேண்டியிராத பொருள்தானே? அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவது மற்ற இருவருக்கும் உவப்பாக இல்லை. அந்த நேரத்தில் எங்களுள் ஒருவருக்கு நாகப்பட்டினத்துக்கு மாறுதல் வந்தது. குழாய் அவரோடு புறப்பட்டது.

புறப்படுமுன் மூவருமாக மார்க்கரின் வீட்டுக்குப் போனோம். மூடியைத் திறந்து முகர்ந்தார். துணியை உருவிப் பார்த்து, தையலை விரலால் நெருடினார். தகரக் குழல்களில் இருந்ததுபோல் குழாயின்மேல் அவர் பெயரை எழுத விரும்புகிறோம் என்றோம்.

"பேரெல்லாம் எதுக்குங்க சார்? கடல்காத்து ஊருங்கறீங்க. பித்தளைத் திருகுல பச்சை புடிக்கும். வாரம் ஒருக்கா கழட்டித் தொடைக்கச் சொல்லுங்க" என்றார்.

நாகைக்காரர் ஞாயிறுதோறும் துடைக்கிறார். மழைக்காலத்தில் மணிகள் பத்து நாளிலேயே பச்சையாகிவிடுகின்றன என்று எழுதியிருக்கிறார். குழாயின்மேல் இன்னும் பெயரில்லை.