தசையும் ஓர் அமானிதமே



விழுப்புரம் – புதுச்சேரிச் சாலையில் உள்ள எங்கள் கண்டமங்கலம் பகுதியிலும் உடற்பயிற்சியில் இளைஞர்களின் நாட்டம் பெருகி வருகிறது. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. வலிமையான உடல் அல்லாஹ்வின் அருட்கொடை. ஆயினும், என்னிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், நிகாஹ் நிச்சயமான வேளையில் வந்து, "ஹஜ்ரத், உடம்பு ஏற ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வது கூடுமா?" என்று கேட்டார். "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு அவரை அனுப்ப நான் விரும்பவில்லை. காரணம் அறியாத தடை இளநெஞ்சில் தங்குவதில்லை. அவரிடம் கூறியதையே இங்கும் எழுதுகிறேன்.

"ஊசியில் ஏறுவது வெறும் நீர்" என்று பெரியவர்கள் சிலர் கூறுவதுண்டு. அது உண்மையன்று. 1996-இல் ஷலேந்தர் பாசின் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில் 43 ஆண்கள் பங்கேற்றனர். சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் 10 வாரங்கள் செலுத்தப்பட்டது. பயிற்சியின்றி ஊசி மட்டும் பெற்றோருக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சுமார் 3 கிலோ கூடியது. ஊசியின்றிப் பயிற்சி மட்டும் செய்தோருக்குச் சுமார் 2 கிலோ. ஆம், ஊசி வேலை செய்கிறது. இளைஞர்களை ஈர்ப்பதும் அதுவே.

அதற்கு உடல் கொடுக்கும் விலை என்ன? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளையிட, விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அது தசை நார்களுக்குள் புகுந்து புரத உற்பத்தியைக் கூட்டுகிறது. இரத்தத்தில் அதன் அளவு போதுமானால் கட்டளை குறையும். இது படைத்தவன் வைத்த தராசு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவியும்போது கட்டளை அடங்கிவிடுகிறது, விரைகள் சுருங்குகின்றன, விந்தணு குன்றுகிறது, சிலருக்கு அற்றே போகிறது. ஊசியை நிறுத்திய பின்னும் அது மீளப் பல மாதங்கள் ஆகலாம். நிகாஹ் நாளின் தோற்றத்திற்காகப் பிள்ளைப் பாக்கியத்தைப் பணயம் வைப்பது அறிவுடைமையா? இதயத்திற்கும் கல்லீரலுக்கும் நேரும் கேடு வேறு.

நம் மாநிலத்திலும் இத்தகைய மருந்தால் ஒரு பதக்கம் பறிபோனது. திருச்சி மாவட்டத்தின் கோமதி மாரிமுத்து 2019-இல் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பரிசோதனையில் நான்ட்ரோலோன் கண்டறியப்பட, பதக்கத்தை இழந்து 4 ஆண்டுத் தடைக்கும் ஆளானார். தடை செய்யப்பட்ட எதையும் தாம் உட்கொண்டதில்லை என்றே அவர் கூறினார்.

குறைபாட்டைக் கண்டறிந்து மருத்துவர் தரும் ஹார்மோன் சிகிச்சையாகும், அது வேறு. அழகுக்காக ஊசியை நாடுவோருக்கு நான் சொல்வது, உறக்கத்தைப் பேணுங்கள் என்பதே. வளர்ச்சி ஹார்மோன் பெரிதும் சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். உறக்கம் குறைந்தால் டெஸ்டோஸ்டிரோனும் குறைகிறது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதைக் கைப்பேசியோடு விழித்திருக்கும் நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளை ஏற்கெனவே ஊசி போடத் தொடங்கியிருந்தால் ஏசாதீர்கள். ஏசினால் மறைப்பான். அன்போடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இவ்வுடலைப் பேணி, அதற்குரியவனிடம் திருப்பித் தரும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.