பூட்டில்லாக் கதவு

என் தாத்தா புகையிலை வியாபாரி. திண்டுக்கல்லில், மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும் ஒரு தெருவில், அவர் கட்டிய வீடு இருக்கிறது. கீழே கிடங்கு, மேலே குடித்தனம். தாத்தாவும் போய், வியாபாரமும் போன பிறகு, நாற்பது வருஷமாக அங்கே வௌவால்கள்தாம் வாடகை கொடுக்காமல் வசித்து வந்தன.

2025-இல் எனக்கு ஓர் ஆசை பிறந்தது. மாடியை ஒழுங்கு பண்ணி, சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்க இடம் செய்து தரலாம் என்று. கதை எழுதிச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. 'கொஞ்சம்' என்ற சொல்லை வாசகர்கள் அதன் முழுப் பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் கட்டட எஞ்சினீயர். அளவு நாடாவோடு வந்தவள், சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பா, இதை என்ன கட்டடம்னு எழுதறது?"

"வீடுன்னு எழுதேன். தாத்தா வீடுதானே?"

"என்னவா இருந்ததுன்னு கேக்கலே. இனிமே என்னவா இருக்கப் போகுதுன்னு கேக்கறேன்."

அப்புறம் எனக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு என்று ஒன்று 1970-இல் முதன்முதலாக வந்ததாம். அதன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டடங்களை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது: குடியிருப்பு, கல்வி, ஆஸ்பத்திரி போன்ற பராமரிப்பு நிலையம், கூட்டம் கூடும் மண்டபம், அலுவலகம், கடை, தொழிற்சாலை, கிடங்கு, அபாயப் பொருள் கையாளும் இடம்.

"எல்லாம் அதே செங்கல்தானே அம்மா?" என்றேன்.

"செங்கல் அதேதான். உள்ளே இருக்கிற மனுஷங்க வேறே" என்றாள்.

வீட்டுக்காரன் இருட்டிலும் தன் வீட்டுப் படியைக் காலாலேயே கண்டுபிடித்து விடுவான். சினிமாக் கொட்டகைக்கு வந்தவனுக்கு வழி தெரியாது. நோயாளிக்கு வழி தெரிந்தாலும் எழுந்து நடக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளோ எல்லாரும் ஒரே சமயத்தில் ஓடுவார்கள். அதனால்தான் சாதாரண வீட்டு மாடிப்படிக்கு ஒரு மீட்டர் அகலம் போதும் என்கிற விதி, கல்விக் கட்டடத்துக்கு ஒன்றரை மீட்டர் கேட்கிறது. தாத்தாவின் படியோ, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஏறுவது.

அதை அகலப்படுத்த வேண்டும். பின்பக்கம் இன்னொரு படியும் கட்ட வேண்டும் என்றாள். தொகையைக் கேட்டேன். இன்னும் எழுதாத இரண்டு நாவல்களின் சன்மானம் அதிலேயே போய்விடும் போலிருந்தது.

அவள் தந்த தாள்களைப் புரட்டினேன். இருபது மாணவர்களுக்குக் குறையாமல் கூடினால்தான் கல்விக் கட்டடம் என்று அதில் கண்டது. கதாசிரியன் மூளைக்கு அது போதாதா?

"பத்தொன்பது பேர்னு எழுதிடலாமே?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எத்தனை பேர் வருவாங்க, பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் ஏற்கெனவே பெயர் எழுதி வைத்திருந்தது நாற்பத்து மூன்று.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2004 ஜூலை 16 நினைவுக்கு வந்தது. கும்பகோணத்தில் மதிய உணவு சமைத்த அடுப்பின் தீ பள்ளிக்கூடக் கூரையில் பற்றி, 94 குழந்தைகளைக் கொண்டுபோன நாள். அத்தனை தூரம் போவானேன்? இதே திண்டுக்கல்லில், 2024 டிசம்பர் 12 இரவு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பற்றியது. ஒரு குழந்தை உட்படப் பலர் மாண்டார்கள். லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு நானும் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தவன்தான். அதே ஆள்தான் இன்று தாளில் இருபத்து நாலு பிள்ளைகளை இல்லாமல் ஆக்கப் பார்த்தேன். தாளில் இல்லாத பிள்ளைக்குத் தப்பிக்கும் வழியை யார் கட்டி வைப்பார்கள்?

காலையில் அவளுக்குப் போன் செய்து, "நாற்பத்து மூணுன்னே எழுது" என்றேன்.

"சரி பெரியப்பா. இன்னும் ஒண்ணு. வாசல் கதவு."

வாசல் கதவில் தாத்தாவின் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. கைக்குழந்தை கனம் இருக்கும். வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர்கள் சாவியில்லாமல் திறக்க முடிய வேண்டும், பிள்ளைகள் இருக்கும் வரையில் அதில் பூட்டு தொங்கக்கூடாது என்றாள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு எங்கள் ஊர்ப் பூட்டு. திண்டுக்கல்காரனிடம் வந்து பூட்டைக் கழற்று என்கிறாளே என்று முதலில் சுருக்கென்றது. ஆனால் பூட்டு காவல் காப்பது பண்டத்தைத்தான். தாத்தா உள்ளே வைத்திருந்தது புகையிலை. நான் வைக்கப் போவது பிள்ளைகளை.

ஐந்து மாதம் ஆயிற்று, பணமும் தீர்ந்தது. முதல் நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு சின்னப் பையன் மாடியில் தயங்கி நின்றான்.

"ஐயா, எந்தப் படி வழியாப் போகணும்?"

"எது கிட்டே இருக்கோ அது வழியாப் போடா" என்றேன்.

பின்பக்கப் படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். அந்தச் சத்தம் கேட்டபோது, எழுதாத இரண்டு நாவல்களைப் பற்றி எனக்கு வருத்தமே தோன்றவில்லை.