ராடாரில் தெரியாத பாதை

2023 டிசம்பர் 3, இரவு. மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஆறு பேர். கரண்ட் போவதற்குள் எல்லா போனையும் சார்ஜில் போட்டுவிட்டு, லேப்டாப்பில் ராடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வங்கக் கடலில் மிக்ஜாம் புயல் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். விழுந்து கிடந்த மரங்கள்தான் நினைவில் இருந்தன. அதனால் புயல் என்றால் காற்று, ஆபத்து என்றால் மையம் கரையைத் தொடும் இடம் என்றே நம்பியிருந்தோம். மிக்ஜாம் ஆந்திராவுக்குப் போகிறது என்றதும் நிம்மதி. "சென்னைக்குப் பயமில்லை" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினோம்.

எங்களில் ஒருவனின் அம்மா தி.நகரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அடையாற்றங்கரையில் இருந்த குடும்பம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். மேஸ்திரி கூப்பிடுகிறார், போகலாமா என்று அன்று மாலையே மகனிடம் கேட்டிருந்தார். அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் படத்தைப் பார்த்தோம். "போம்மா, ஒண்ணும் ஆகாது" என்றான்.

மையம் சென்னையைத் தொடவே இல்லை. டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகில்தான் கரையேறியது. ஆனால் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்ததால், அதன் மழை மேகங்கள் எங்கள் தலைக்கு மேலேயே நின்றன. இரண்டு நாளில் சில இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கடலும் கொந்தளித்ததால் அடையாறும் கூவமும் கொண்டுவந்த தண்ணீர் எளிதில் வடியவில்லை. விமான நிலையத்தையே மூடினார்கள்.

4-ஆம் தேதி மதியம்தான் அம்மாவின் போன் கிடைத்தது. "புயல் தாண்டிப் போயிடுச்சும்மா" என்றான் மகன்.

"காத்து எங்க போனா என்னடா, தண்ணி இங்கதான நிக்குது" என்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மழைநீர் வடிகாலை அடைத்திருந்த குப்பையைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை. கழிவுநீரும் அதிலேயே கலந்திருந்தது. மூன்றாம் நாள் காலில் கண்ணாடி கிழித்த காயத்தோடு வீடு திரும்பினார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பிலும் தண்ணீர் நின்றது. ஆற்றங்கரை வெள்ள ஆபத்து என்று சொல்லி அப்புறப்படுத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது.

எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 அக்டோபர் 20-இல். ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. சட்டம் சாக்கடை என்று சொல்வதை, மழை நாளில் 'வடிகால்' என்று பெயர் மாற்றினால் போதுமா?

புயல் எங்கே போகும் என்று வானிலை ஆய்வாளர்களும் ஒரு கூம்பு வரைந்துதான் சொல்கிறார்கள். அதில் சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனால் அடுத்த நாள் காலையில் யார் தண்ணீரில் இறங்குவார்கள் என்பதில் இந்த நகரத்துக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சாதி முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கிறது. 2005-இல் கத்ரீனா வருவதை அமெரிக்கா முன்பே அறிந்திருந்தது. ஆனாலும் நியூ ஆர்லியன்ஸில் வெளியேற வழியில்லாமல் சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். முன்னறிவிப்பு இருந்தது, வண்டி இல்லை.

அன்று நாங்கள் சொன்ன "போகலாம்" இன்னும் உறுத்துகிறது. அதனால் இப்போது ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் ஒரு நோட்டு எழுதுகிறோம். எந்த வார்டில் எத்தனை பேரை வேலைக்கு அழைக்கிறார்கள்? பூட்ஸ், கையுறை வந்ததா? இரவு எங்கே தங்குகிறார்கள்? வீட்டுக்குப் போக வண்டி உண்டா? இல்லை என்றால் தேதி, நேரத்தோடு குறித்து, புயலுக்கு முன்பே மனு கொடுக்கிறோம்.

தோழர்களே, அடுத்த புயலையும் ராடாரில் பாருங்கள். அதைக் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் திரையை மூடியதும் உங்கள் தெருவைக் கூட்டுகிற அக்காவுக்கு ஒரு போன் போடுங்கள். புயல் எங்கே என்று சொல்வதற்கு முன், அவர் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.