மாமாவின் பாலியோவும் நான் வாங்கிக் கொடுத்த அலாய் வீலும்

எனக்குக் கார் என்றால் உயிர். சொந்தமாக இருப்பது என்னவோ ஒரு சைக்கிள் தான் (அதுவும் பின் சக்கரம் கோணல்). ஆனாலும் கிளாஸில் யாராவது "டேய், எங்க வண்டிக்கு என்ன டயர் போடலாம்?" என்று கேட்டால் முதல் ஆளாக வாயைத் திறப்பது அடியேன் தான். அந்த வாய் செய்து வைத்த ஒரு வேலையைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பழைய வண்டிக்கு அலாய் வீல் மாட்டும் யோசனையில் யாராவது இருந்தால் என் வெட்கம் அவர்களுக்காவது பயன்படட்டும்.

மாமாவுக்குப் பர்லியாரில் பழக்கடை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பாதி வழியில் வண்டிகள் எல்லாம் மூச்சு வாங்க நிற்குமே, குரங்குகள் கையில் இருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அந்த இடம் தான். 1871-ல் ஆரம்பித்த தோட்டக்கலைப் பண்ணை அங்கே இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய் என்று சமவெளியில் பார்க்க முடியாத மரங்கள். துரியன் சீசனில் குழந்தை வரம் வேண்டி வருகிற ஜோடிகளைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு தனிக் கட்டுரை ஆகிவிடும். வேண்டாம், காருக்கு வருவோம்.

மாமா வைத்திருப்பது 2002 மாடல் ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ். நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கூபே என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சான் ஸ்டார்ம் மாதிரி விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். அதையும் பெரும்பாலானவர்கள் பத்திரிகைப் படத்தில் தான் பார்த்திருப்போம். கூபே வாங்க வசதி இல்லாத, ஆனால் காலுக்குக் கீழே ஆக்ஸிலரேட்டர் அரிக்கிற ஆட்களுக்கு அப்போது கிடைத்தது இந்த பாலியோ. 1596 சிசி, 16 வால்வு, 100 குதிரைத்திறன். இத்தாலிக்காரன் கட்டின கனமான உடம்பு. பெட்ரோல் பங்கைப் பார்த்தால் தானாக நிற்கும். ஆனால் வளைவில் இறங்கும்போது தரையை விடாமல் பிடிக்கும் பாருங்கள், அதற்காகவே மாமா அதை விற்கவில்லை. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தும் ஆயிற்று. இப்போது அதன் முக்கிய வேலை பின் சீட்டை மடக்கிப் பலாப்பழம் ஏற்றுவது.

போன வருடம் அதன் பழைய ரிம் ஒன்று பள்ளத்தில் அடிபட்டு நெளிந்தது. "மாப்ள, நீதான் இஞ்சினியருக்குப் படிக்கறியே, நல்லதா ஒரு செட் பாரு" என்றார் மாமா. சும்மா இருப்பேனா? 15 இஞ்ச், பளபளவென்று பத்துக் கம்பி வைத்த அலாய் ஒரு செட்டைக் கோயம்புத்தூரில் ஒரு கடையில் பிடித்தேன். டயரோடு சேர்த்து செகண்ட் ஹேண்ட், விலையும் கையைக் கடிக்கவில்லை.

வாங்கும் முன் அளந்தும் பார்த்தேன் என்பது தான் இதில் கொடுமை. நாலு போல்ட் வண்டிக்கு பி.சி.டி. அளப்பது சுலபம். எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் போதும். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்தேன். பத்து செ.மீ. என்று தெரிந்தது. பத்து செ.மீ. என்றால் 100 மி.மீ. ஸ்விஃப்ட், சிட்டி, சான்ட்ரோ எல்லாமே 4×100 தானே, கச்சிதம் என்று முடிவு கட்டிவிட்டேன். கடைக்காரரும் "போட்டா ஏறிடும் தம்பி" என்றார். ஏறவும் செய்தது.

பாலியோவின் பி.சி.டி. 98. ஃபியட்டின் பழைய வழக்கம் அது. முதல் வருட லேபில் வெர்னியர் காலிப்பர் வைத்து இரும்புக் குண்டின் விட்டத்தைத் தசம சுத்தமாக அளந்து ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியவன் நான். மாமா குடும்பம் உட்கார்ந்து போகிற வண்டிக்கு அளக்கும்போது மட்டும் ஸ்கேல்!

ரெண்டு மி.மீ. தானே என்று தோன்றும். விட்டத்தில் ரெண்டு என்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு மி.மீ. தள்ளிப் போகிறது. போல்ட் தலைக்குக் கீழே கூம்பு மாதிரி சரிவு இருக்கும். ரிம்மின் ஓட்டையிலும் அதே சரிவு. இரண்டும் முழுசாகப் பொருந்தி உட்கார்ந்தால் தான் பிடிப்பு. ஒரு மி.மீ. தள்ளினால் கூம்பு ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். ஸ்பானர் போட்டு மிதித்து முறுக்கினால் இறுகின மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே போல்ட் வளைந்துகொண்டு நிற்கும். ஓட ஓடத் தளரும்.

இன்னொன்றும் இருக்கிறது. பாலியோவின் ஹப் நடுவில் 58.1 மி.மீ. விட்டத்தில் ஒரு மேடு உண்டு. ரிம்மின் நடு ஓட்டை அதில் சரியாகச் செருகி உட்கார்ந்தால் தான் சக்கரம் மையத்தில் சுற்றும். வெளியில் விற்கிற அலாய்களில் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். நான் வாங்கியதில் வளையம் இல்லை. ஆக, சக்கரம் மொத்தமும் வளைந்த நாலு போல்ட்டில் தொங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

அக்டோபர் மாதம், ஒரு மழை நாள். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. குன்னூரிலிருந்து இறங்கினோம். மாமா ஓட்ட, நான் முன்னால். பின்னால் அத்தையும் குட்டிப் பாப்பாவும். இந்த ரோட்டில் இறங்கியவர்களுக்குத் தெரியும், கல்லாறு வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியரில் விட்டு, பிரேக்கை அளவாகத் தொட்டுத் தான் இறங்க வேண்டும். ஸ்டியரிங் லேசாக நடுங்கியது. "பேலன்சிங் பாக்கணும் மாமா" என்று நிபுணர் மாதிரி சொன்னேன். மரப்பாலம் தாண்டிய பிறகு வளைவுக்கு வளைவு 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். 2023 செப்டம்பரில் சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து பல உயிர்கள் போனது அந்தப் பக்கம் தான். மாமா அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்து போகிற வேகத்தில் பர்லியார் வந்து, கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்.

பஞ்சர் கடை அண்ணன் வந்து இடது முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஸ்பானரே எடுக்கவில்லை. இரண்டு போல்ட்டை விரலாலேயே திருகிக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒன்று வளைந்திருந்தது. "தம்பி, இது ஏறுனதே தப்புங். யாரு போட்டு உட்டது?" என்றார். மாமா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு தான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். டயரிலும் நான் கோட்டை விட்டது அப்போது தான் தெரிந்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று வாங்கினேன். (காருக்குப் பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக்கூடாது என்பது சட்டம். இதில் தாராளமாகவே இருந்தது.) ஆனால் டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 0914 என்று இருந்தது. 2014-ன் ஒன்பதாவது வாரம்! பட்டன் தேயாமல் ரப்பர் மட்டும் காய்ந்து செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்ட டயர். மழையில், பாசி பிடித்த மலை ரோட்டில் அது எப்படிப் பிடிக்கும்?

அளவுக் கணக்குக்கு வருகிறேன். பழைய ரிம்மில் இருந்தது 175/65 ஆர்14. அதாவது அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 14 இஞ்ச். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் சுமார் 583 மி.மீ. வருகிறது. நான் மாட்டியது 195/50 ஆர்15. அதன் விட்டம் 576. வித்தியாசம் ஒரு சதவீதம் சொச்சம், ஸ்பீடோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. கணக்கில் பாஸ். ஆனால் பக்கச்சுவர் 114 மி.மீ.யிலிருந்து 97-க்கு இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் மேலேயிருந்து கல் உருண்டு கிடக்கிற ரோடு, தார் உடைந்த ஓரங்கள், எதிரே லாரி வந்தால் ஓரத்தில் இறங்கியே ஆக வேண்டும். அங்கே ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச்சுவர் ரப்பர் தான். மாமாவுக்கு 195/55 போட்டுக் கொஞ்சம் உயர்த்தலாமா என்று ஒரு ஆசை. விட்டம் 595-க்குப் போகும். முழுசாக ஸ்டியரிங் ஒடித்து வளைவில் திரும்பும்போது, பின்னால் பலாப்பழ லோடும் இருந்தால், மட்கார்டில் உரசுமோ என்ற பயத்தில் வேண்டாம் என்றேன். இந்த முறை என் பேச்சுக்கு மதிப்பு கம்மி தான், இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

98-க்கும் 100-க்கும் ஏற்றபடி கூம்பு மட்டும் தனியாக நகர்கிற போல்ட் வெளிநாட்டில் கிடைக்கிறது. தரமானதாக இருந்தால் அது சரியான வழி தான். உள்ளூரில் யாரோ கடைந்து கொடுத்ததை நம்பி இந்த மலையில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. ரிம் ஓட்டையை அரம் வைத்து ராவித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, கம்பெனி 14 இஞ்ச் அலாய் இரண்டு தேற்றினேன். இந்தத் தடவை பையில் வெர்னியர் (லேப் அட்டெண்டர் அண்ணனிடம் கெஞ்சி வாங்கியது). 98, நடு ஓட்டை 58.1. இரண்டிலும் தண்ணீர் விட்டு, தேய்த்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். மாமாவிடம் இருந்த நல்ல மூன்றில் இரண்டைச் சேர்த்தால் நாலு, மீதி ஒன்று ஸ்டெப்னி.

போல்ட் புதுசு, நாலுக்கு நாலு பதினாறும். பாலியோவுக்கு நட் கிடையாது, போல்ட் நேராக ஹப்புக்குள் போய் இறங்குகிறது. ரிம் தடிமனாக இருந்தால் போல்ட் உள்ளே இறங்குவது குறையும். 12 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது மரை பிடிக்க வேண்டும். 1.25 பிட்சுக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் வரும். ஒவ்வொன்றையும் கையால் சுற்றி எண்ணினேன். டயர் 185/60 ஆர்14, லோடு எண் 82, அதாவது ஒரு டயருக்கு 475 கிலோ. தேதி மூன்று மாதத்துக்குள். எந்தக் கம்பெனி என்ற சண்டைக்கு நான் வரவில்லை, கடையில் புதுத் தேதியில் எது இருந்ததோ அது. மாட்டி நூறு கிலோமீட்டருக்குள் திரும்ப ஒரு முறை ஸ்பானர் போட்டு இறுக்கமும் பார்த்தாயிற்று.

அதன் பிறகு முதல் முறை இறங்கும்போது நானாகவே பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். மரப்பாலம் வந்ததும் அத்தை கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். டயர் ஈர ரோட்டில் ஓடுகிற சத்தம் மட்டும் தான். "செரி, கண்ணாடிய ஏத்து, பாப்பாவுக்குச் சளி புடிக்கும்" என்று அவளே சொல்லி அவளே ஏற்றிக்கொண்டாள்.

அந்தப் பளபள வீல் நாலும் இன்னும் மாமா கடையில் தான் இருக்கின்றன. இரண்டு இரண்டாகப் படுக்கப் போட்டு மேலே பலகை வைத்து மங்குஸ்தானும் பலாச்சுளையும் அடுக்கியிருக்கிறார். போன வாரம் ஒரு டூரிஸ்ட் பழத்தை விட்டுவிட்டு வீலுக்கு விலை கேட்டாராம். "அது விக்கறதுக்கில்லைங்க, மாப்ள வாங்கிக் குடுத்தது" என்றாராம் மாமா.